பிழைப்பும் கலையும்: சிற்பி உஸ்மான் சோ

பிழைப்புக்குரிய படிப்பு வேறு, உள்ளத்திற்குரிய கலை வேறு என்று பிரித்துக் காணும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. கவிதை எழுதும் மாணவனை நோக்கி, 'முதலில் ஒரு வேலையைத் தேடு' என்கின்றனர் பெரியோர். வேலைக்குச் சென்றால் கவிதை மடிந்துவிடும் என்று அஞ்சுகின்றனர் இளையோர். தொழிலும் கலையும் ஒன்றுக்கொன்று பகை என்று இரு சாராருமே நம்புகின்றனர். இந்நம்பிக்கை பிழையானது என்பது நம் கருத்து. மேற்கு ஆப்பிரிக்கச் சிற்பி உஸ்மான் சோவின் வாழ்வே அதற்குச் சான்று.

முஸ்லிம்கள் பெரும்பான்மையினராக வாழும் செனகல் நாட்டின் டக்கார் நகரில் 1935ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். அந்நாடு அப்போது பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. தந்தையாரின் மறைவுக்குப்பின் 1957இல் பிரான்சு சென்றார். கைப்பொருள் இன்மையால் கிடைத்த சிறு வேலைகளைச் செய்து வயிறு கழுவினார். பின்னர் முறையாகப் பயின்று இயன்முறை மருத்துவரானார். முடங்கிய கைகால்களைத் தொட்டு, நீவி, பயிற்சி அளித்து இயங்கச் செய்வதே அவர்தம் தொழில். பிரான்சிலும் செனகலிலுமாக ஆண்டுகள் பல அத்தொழிலில் கழிந்தன.

எனினும் அவருள் இருந்த சிற்பி உறங்கவில்லை. பகலில் நோயாளிகளைக் கவனித்த அறையே இரவில் சிற்பக்கூடமாயிற்று. செய்தவற்றுள் பலவற்றை அவரே அழித்தார். சிலவற்றை இடம் மாறும்போது விட்டுச் சென்றார். ஐம்பதாம் அகவையை ஒட்டியே முழுநேரச் சிற்பியானார். 1987இல் டக்காரில் அவருடைய முதற்கண்காட்சி நடைபெற்றது. சூடான் நாட்டு நூபா மல்லர்களின் பேருருவங்கள் மக்களை வியப்பில் ஆழ்த்தின. பின்னர் மசாய், சூலு, ஃபுலானி மக்களையும் அவர் வடித்தார். 1876இல் அமெரிக்கப் பழங்குடியினர் கஸ்டரின் படையை வென்ற போரையும் சிற்பத் தொகுதியாக்கினார். 1999இல் பாரிசு நகரின் கலைப் பாலத்தின்மீது வைக்கப்பெற்ற இச்சிற்பங்களை முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். 2012இல் பிரெஞ்சு நுண்கலைக் கழகம் அவரை அயல்நாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அவ்விடத்தைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. 2016 டிசம்பரில் டக்காரில் மறைந்தார்.

உருவச் சிற்பம் குறித்து மார்க்க அறிஞர்கள் கூறுவன தனி ஆய்வுக்குரியன. அதனுள் நாம் புகவில்லை. இவ்வாழ்வு உணர்த்தும் உழைப்பு நெறியையே இங்கு நோக்குகின்றோம்.

இரும்புக் கம்பி, வைக்கோல், சாக்குத் துணி ஆகியவற்றோடு, தாமே பக்குவப்படுத்திய கலவை ஒன்றையும் கொண்டு அவர் உருவங்களைச் சமைத்தார். அவற்றின் தோள் திரண்டு நிற்கும் பாங்கும், முதுகு வளையும் முறையும், பாரம் தாங்கும் காலின் இறுக்கமும் காண்போரைக் கட்டி நிறுத்துவன. அவ்வறிவை அவர் எங்கே பெற்றார்? நோயுற்றோரின் உடலைத் தொட்டுத் தொட்டு உணர்ந்த விரல்களே அவருக்கு ஆசானாயின. வீணான ஆண்டுகள் என்று பிறர் கருதக்கூடியவையே அவர் கலைக்கு உரமாயின.

இதனைக் காட்டி, 'கலையை ஐம்பது வயதில் பார்த்துக்கொள்ளலாம்' என்று எவரேனும் கூறுவாராயின் அதனையும் நாம் ஏற்கமாட்டோம். உஸ்மான் சோ கலையை ஒத்திப்போடவில்லை. பகல் தொழிலுக்குப்பின் இரவு வேளைகளில் செய்தார். மனநிறைவு தராததைச் சிதைத்துவிட்டு மீண்டும் தொடங்கினார். அவர் ஒத்திவைத்தது புகழை மட்டுமே.

ஆகவே, பெரியோர்களே! பிள்ளைகளை வேலைக்கு அனுப்புங்கள். அவர்தம் கவிதை ஏட்டைப் பறித்துவிடாதீர்கள். மாணவச் செல்வங்களே! கடைக் கணக்கோ, மருத்துவமனைப் பணியோ, வகுப்பறையோ, வாய்க்கும் தொழிலைக் கண் திறந்து செய்யுங்கள். அங்கே நீங்கள் தொட்டறிவதே நாளை உங்கள் எழுத்துக்கு உயிர் தரும்.