துயரம் தமிழில், பதிவேடு ஆங்கிலத்திலா?

துன்புற்றாரிடம் அவர்தம் மொழியிற் பேசுதல் தொண்டின் முதற்படி. அவரைப் பற்றி எழுதுவதை அவர்தம் மொழியிலேயே எழுதுதல் இரண்டாம் படி. தமிழகத்துக் குமுகப்பணிக் கல்வி முதற்படியில் ஏறியுள்ளது; இரண்டாம் படியின்முன் எழுபது ஆண்டுகட்கும் மேலாகத் தயங்கி நிற்கின்றது.

இந்தியாவில் இக்கல்விக்கென முதற் பள்ளி 1936-இல் மும்பையில் தோன்றியது. சென்னையில் 1952-இல் மேரி கிளப்வாலா சாதவ் அம்மையார் முயற்சியால் குமுகப்பணிப் பள்ளி உருவாயிற்று. எழும்பூரில் இன்றும் நடைபெறும் அது, 1857-இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பைப் பெற்றது. இலயோலா, இசுடெல்லா மேரிசு முதலிய கல்லூரிகளும் பின்னர் இப்பாடத்தை ஏற்றன. ஆண்டுதோறும் இளைஞர் பலர் இப்பட்டம் பெற்று வெளிவருகின்றனர். அவர்தம் நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஐயமெல்லாம் அவர்தம் கையிற் கொடுக்கப்பட்ட மொழியைப் பற்றியதே.

இக்கல்வியின் உயிர் களப்பணி. வகுப்பறையிற் கற்றதை மாணவர் கிழமைதோறும் மக்களிடம் சென்று ஆய்ந்து பார்க்கின்றனர். அம்மக்கள் யாவர்? மயிலைக் கடற்கரையின் நொச்சிக்குப்பத்திலும் பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்திலும் வாழும் மீனவர். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலையை நேரிற் கண்டவர். அடையாற்றங்கரைக் குடிசைகளில் வாழ்ந்து, 2015 பெருவெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திற்குப் பெயர்க்கப்பட்டவர். தியாகராயர் நகர்க் கடைகளில் நாள் முழுதும் நின்றே கால் வீங்கியவர். பணியிடத்தில் அமர்வதற்கு இருக்கை வேண்டுமென்பதற்கே 2021-இல் சட்டத்திருத்தம் தேவைப்பட்ட எளியவர். இவர்கள் அழுவதும் தமிழில், கேட்பதும் தமிழில், சினப்பதும் தமிழில்.

ஆனால், மாலையில் விடுதிக்குத் திரும்பும் மாணவர் எழுதும் களப்பணி அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்தில்! பிள்ளையை இழந்த தாய் ஒருத்தி, ‘வயிறு எரியுது’ என்கிறாள். கணவனை இழந்தவள், ‘கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு’ என்கிறாள். இவ்விரு சொற்களிலும் இருவேறு துயரங்கள் உள்ளன. முன்னதில் இழப்போடு சினமும் உண்டு. யார்மீது அச்சினம் என்பதை அறிவதே பணியாளரின் வேலை. பின்னதில் நாளைய உணவு எங்கிருந்து வரும் என்னும் அச்சம் உண்டு. ஆங்கில அறிக்கையிலோ இருவரும் ‘மனச்சோர்வு’ என்று பொருள்படும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டு விடுகின்றனர். சொல் மாறியதும் சிக்கல் மாறுகின்றது. சிக்கல் மாறியதும் தீர்வும் மாறுகின்றது. இழப்பீடு வேண்டியவளுக்கு அறிவுரை கிடைக்கின்றது!

இதனினும் கொடிது ஒன்றுண்டு. ஒருவரின் குடும்பம், வறுமை, குடிப்பழக்கம், நோய் அனைத்தும் எழுதப்பட்ட ஏட்டை அவரே படிக்க இயலவில்லை. தவறாக எழுதப்பட்டிருப்பின் ‘அஃது அப்படியன்று’ எனச் சொல்ல அவருக்கு வழியில்லை. தன்னைப் பற்றிய உண்மையைத் தானே திருத்தவியலாத ஒருவரைத் தன்காலில் நிற்கச் செய்வதாக எந்தக் கல்வியும் பெருமை பேசலாகாது.

‘நூல்களெல்லாம் ஆங்கிலத்தில்தாமே உள்ளன, தமிழிற் கற்பிப்பதெங்ஙனம்?’ என்பர் சிலர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிரீன் என்பார், 1860-களிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; அதற்கான நூல்களையும் தமிழில் ஆக்குவித்தார். உடற்கூற்றியலைத் தமிழிற் சொல்லவியன்ற அயலார் ஒருவர் இருந்தாரெனின், அயல்வீட்டாரின் துயரத்தைத் தமிழிற் சொல்லவியலாத் தமிழர் இருத்தல் நாணத்தக்கதன்றோ? 1960-களிலும் 1970-களிலும் கல்லூரிப் பாடநூல்கள் பல நூறு தமிழில் அச்சேறியதும் இந்நாட்டில்தான்.

கருத்துக்கும் பஞ்சமில்லை. ஒப்புரவறிதலையும் ஈகையையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தார். ஊரோடு ஒத்து வாழும் கடமை வேறு, இல்லாதார்க்குக் கொடுத்தல் வேறு என்னும் நுண்மை அதில் உள்ளது. வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1930-களின் தொடக்கத்தில் நிறுவிய ஔவை இல்லம், பொட்டுக்கட்டும் கொடுமையினின்று தப்பிவந்த சிறுமியர்க்குப் புகலாயிற்று. 1954-இல் அவர் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். இவ்வரலாறெல்லாம் பாடத்தின் ஓரத்தில் அன்று, நடுவில் இருத்தல் வேண்டும்.

வேல்சு நாட்டைப் பார்க்க. அங்கு வேல்சு மொழி பேசுவோர் சிறுபான்மையரே. அவருள் மிகப்பலர் ஆங்கிலமும் அறிந்தவர். எனினும், நலத்துறைப் பணிகளில் மக்கள் கேட்குமுன்னரே அவர்தம் மொழியில் உதவி வழங்கல் வேண்டும் என்னும் நெறியை அந்நாட்டரசு 2012-இல் வகுத்தது. நோயிலும் முதுமையிலும் மாந்தர் தாய்மொழிக்கே திரும்புவர் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் தமிழகம் இதனை உணர வேண்டாவா?

தமிழ்வழிக் கற்றோர்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு 20 இடம் என 2010-இல் சட்டம் வந்தது. ஒரு கல்வி தமிழ்வழியிற் கிடைக்காத இடத்தில் அச்சட்டம் யாருக்குப் பயன்படும்? கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை இடித்த கதைதான் அது.

ஆங்கிலத்தை அறவே விலக்குக என எவரும் கூறவில்லை. உலக அறிவைக் கொணரும் வாயிலாக அது இருக்கட்டும். ஆயின் மூன்று செயல்கள் உடனே நடைபெறல் வேண்டும். களப்பணி அறிக்கை தமிழில் எழுதப்பெற்று, உரியவர்க்குப் படித்துக் காட்டப்பெறுக. தேர்வைத் தமிழில் எழுதும் உரிமை ஏட்டளவில் நில்லாது, அதற்குரிய நூல்களோடு வழங்கப்பெறுக. தனியர்பணி, குழுப்பணி, ஊரமைப்புப்பணி எனக் கலைச்சொற்கள் களத்திலிருந்தே திரட்டப்பெறுக.

தனித்தமிழ் அன்பர்க்கும் இதிற் பங்குண்டு. குப்பத்து மக்களின் பேச்சைக் கொச்சையென ஒதுக்கிவிட்டு, அகரமுதலியில் மட்டும் தமிழைத் தேடுதல் பெரும்பிழை. ‘வயிறு எரியுது’ என்பதினும் தூய தமிழ் எங்குளது? அத்தமிழைக் கேட்கும் செவியும் அதனை அவ்வாறே பதியும் கையும் உருவாகும் நாளில்தான், பல்கலைக்கழகத்துப் பட்டம் குப்பத்து மக்களுக்கும் உரியதாகும்.

துயரம் பேசும் மொழியே தொண்டின் மொழியாகட்டும்!