வளைவைக் கண்டு மலைக்க வேண்டாம்

அமெரிக்கக் குவில்ட் போர்வைகளில் ‘டிரங்கர்ட்ஸ் பாத்’ புகழ்பெற்ற வடிவம். சதுரத்தின் ஒரு மூலையில் கால்வட்டம், அவ்வளவுதான். ஆனால் குழிந்த விளிம்பையும் குவிந்த விளிம்பையும் சுருக்கம் விழாமல் இணைப்பதற்குள் புதியவர்கள் பலர் சோர்ந்துவிடுகிறார்கள்.

இணைத்தே ஆக வேண்டும் என்று சட்டமில்லை. ஹவாய்ப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் தைத்தார்கள். துணியை எட்டாக மடித்து, எல்லா மடிப்புகளையும் சேர்த்து இலையும் பூவுமாக வெட்டி, விரித்து அடித்துணியின் மேல் பரப்பினார்கள். பிறகு விளிம்பை ஊசிமுனையால் உள்ளே மடக்கியபடியே தைத்துக்கொண்டு போனார்கள். எத்தனை நெளிவு இருந்தாலும் இரண்டு வளைவுகளைப் பொருத்தும் தொல்லை இதில் இல்லை. கால்வட்டத்துக்கும் இந்த மேலொட்டுத் தையலே எளிது, அழகும் குறையாது.

இணைப்புத் தையல்தான் பிடிக்கும் என்பவர்கள், இரு துண்டுகளின் நடுப்புள்ளியையும் மடித்துக் குறித்து, முதல் குண்டூசியை அங்கே குத்த வேண்டும். அடுத்தவை இரு முனைகளில். தையலுக்கு விட்ட கால் அங்குலத்துக்குள், குழிந்த விளிம்பில் சிறு வெட்டுகள் கொடுத்தால் துணி வளைந்துகொடுக்கும். இழைக்குச் சாய்வாக வெட்டிய விளிம்பு தானாகவே நீளும், இழுத்துத் தைத்தால் கோணிவிடும்.

சிறிய வளைவுதான் கடினம். முதல் சதுரத்தைத் தாராளமாக 10 அங்குலத்துக்கு வெட்டுங்கள்.