பெட்டியுள் இருக்கும் ஓவியம்

நூதனசாலைக்குச் செல்வோர் பலரும் சுவரில் மாட்டப்பெற்றவற்றைக் கண்டு மீள்வதோடு அமைகின்றனர். ஆயின், ஓவியச் செல்வத்துட் பெரும்பகுதி சுவரில் இல்லை; பெட்டிகளுள் இருக்கின்றது. இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலை ஏறத்தாழ 50,000 கோட்டோவியங்களையும் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப்படங்களையும் காத்து வருகின்றது. தாளில் அமைந்த இவை நெடிது ஒளிபடின் நிறம் மங்கும்; தாளும் பழுதுறும். ஆதலின், ஒருசிலவே சின்னாட் காட்சிக்கு வைக்கப்படும். ஏனையவை இருளிலேயே பேணப்படும்.

மறைத்து வைத்த பொருளாற் பயன் யாது என வினவுவார் உளர். எவர்க்குங் காட்டாது காப்பதே கடன் என்பாரும் உளர். இவ்விரு கொள்கையும் பொருந்தா. அந்நூதனசாலையில் ஆய்வறை ஒன்றுண்டு. முன்னறிவித்துச் செல்வோர் பேரறிஞராயினும் மாணவராயினும், அவர் கேட்ட ஓவியம் அவர்முன் வைக்கப்படும்.

இதனால் விளையும் பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவாம். 1515இல் குஜராத்துக் காண்டாமிருகம் ஒன்று கப்பல்வழியே லிஸ்பன் நகரை அடைந்தது. அதனை நேரிற் காணாத ஜேர்மனிய ஓவியர் அல்பிரெக்ற் டூரர், அங்கிருந்து வந்த செய்தியைக் கொண்டே அதன் உருவை மையால் வரைந்தார். பின்னர் மரக்கட்டையிற் செதுக்குவித்து அச்சிட்டார். அக்கோட்டோவியமும் அச்சுப்படமும் மேற்கூறிய நூதனசாலையில் உள. ஒன்றில் விலங்கு இடப்பக்கம் நோக்குகின்றது. மற்றதில் வலப்பக்கம் நோக்குகின்றது. அச்சுப்படத்தில் அதன் தோல் இரும்புக் கவசம்போல் இறுகித் தோன்றுகின்றது. இயற்கையில் இல்லாத சிறுகொம்பொன்று பிடரியருகே முளைத்துள்ளது. ஐரோப்பிய நூல்கள் இருநூறாண்டுக்கு மேலாக இப்படத்தையே பின்பற்றின. அச்சேறிய பிழை மெய்யெனவே நிலைத்தது. அச்சுநூலை ஏட்டுப்பிரதியோடு ஒப்புநோக்கிப் பழகிய நமக்கு, இவ்விரண்டையும் ஒருங்குவைத்துக் காண்பதன் அருமை எளிதில் விளங்கும்.

காட்டுவதனால் இடரும் உண்டு. றொபேட் டைற்றன் என்னும் ஓவியர் அங்கிருந்த அச்சுப்படங்களைக் களவாடியமை 1806இல் வெளிப்பட்டது. 1808இல் இவற்றுக்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. அத்தகைய இழப்பைக் கண்ட இடத்திலும், கேட்பவர்க்குப் பெட்டிகள் இன்றும் திறக்கின்றன. களவுக்கு மருந்து காவலும் ஒழுங்கான பட்டியலுமே, கதவடைப்பு அன்று.

காப்பது காட்டுதற்பொருட்டே என்பதைக் காவலர் உணர்தல் வேண்டும். கேட்டல் நமது கடன். மாணவரை நூதனசாலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், அவர் எதனைக் கண்டார் எனப் பின்னர் வினவுதலினும், எதனைக் காண விரும்புகின்றார் என முன்னரே வினவுதல் நன்று.