சொல் கேட்காத பிள்ளையா, சத்தம் கேட்காத பிள்ளையா?



நீண்ட பதிவுதான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை உள்ள வீட்டவர்கள் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள்.

போன வருடம் எங்கள் தரம் 3இல் ஒரு பையன். பெயர் வேண்டாம். கணக்கில் கெட்டிக்காரன். சித்திரம் நன்றாகக் கீறுவான். சொல்வதெழுதல் என்றால் மட்டும் பத்துக்கு இரண்டு, மூன்று. "பட்டம்" என்று சொன்னால் "கட்டம்" என்று எழுதியிருப்பான். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "கொப்பியை எடுங்கள்" என்றால் பக்கத்துப் பிள்ளை எடுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பான்.

அவனுக்குப் படிப்பித்த நாங்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தோம். கவனமில்லை, விளையாட்டுப் புத்தி, வீட்டில் செல்லம் கூட. பெற்றோர் கூட்டத்தில் அவனுடைய உம்மாவிடமும் அதையே சொன்னோம். "சொல்லுக் கேட்கிறான் இல்லை" என்றோம். அன்று வீட்டில் அவனுக்கு அடி விழுந்ததைப் பிறகுதான் அறிந்தோம்.

மாரி மழைக்குக் கூரை ஒழுகியதால் வாங்குகளை இடம் மாற்றினோம். இடது பக்கச் சுவரோரம் இருந்தவன் வலது பக்கத்துக்கு வந்தான். இரண்டு கிழமையில் சொல்வதெழுதலில் ஆறு எடுத்தான். எங்களுக்குக் காரணம் விளங்கவில்லை. எங்களில் ஒரு டீச்சர்தான் கண்டுபிடித்தார்: "இவன் எப்போதும் இடது காதைத்தானே நம் பக்கம் திருப்புகிறான்?"

வாப்பாவைக் கூப்பிட்டுக் கதைத்தோம். ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தார்கள். இடது காது நல்லது. வலது காது கிட்டத்தட்டக் கேட்பதே இல்லை. எப்போது போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அவனுக்கும் தெரியாது. எல்லோருக்கும் இப்படித்தான் கேட்கும் என்று நினைத்திருக்கிறான். ஒன்றரை வருடமாக அவனுடைய நல்ல காது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாங்கள் அவனை ஏசிக்கொண்டிருந்தோம்.

அவனிடமும் உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டோம். ஆனால் இது ஒரு பிள்ளையின் கதை அல்ல என்பதால் எழுதுகிறோம்.

"ஒரு காது கேட்டால் போதும்தானே" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். டொக்டர்மாரும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். 1984இல் அமெரிக்காவின் வண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் பெஸ் குழுவினர், ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளைகளின் படிப்பை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளை ஏதோ ஒரு வகுப்பைத் திரும்பப் படித்திருந்தது. புத்தியில் குறை இல்லை. இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு குரலைப் பிரித்தெடுக்க மூளைக்கு இரண்டு காதும் வேண்டும். காரணம் அதுதான்.

இனி நம் வகுப்பறைகளை நினைத்துப் பாருங்கள். ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு, நடுவில் தட்டி. பக்கத்தில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். மழை பெய்தால் தகரக் கூரை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலின்படி 20 முதல் 35 டெசிபல் வரையான குறைபாடு "இலேசானது". அமைதியான இடத்தில் அந்தப் பிள்ளைக்குப் பேச்சு விளங்கும், இரைச்சலில் கஷ்டப்படும். வீட்டில் "இவனுக்கு எல்லாம் கேட்குதே" என்று உம்மா சொல்வதும் உண்மை. வகுப்பில் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இன்னொன்று, தடிமன் பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தேங்குவது. சின்னப் பிள்ளைகளிடம் மிகச் சாதாரணம். வலி இருக்காது, சீழ் வடியாது. காதைப் பஞ்சால் அடைத்த மாதிரி இருக்கும். அநேகமாக மூன்று மாதத்துக்குள் தானாகவே வற்றிவிடும். வற்றாவிட்டால் செவிப்பறையில் ஒரு சின்னக் குழாய் வைத்து நீரை வெளியேற்றலாம். ஆனால் நீர் நிற்கிறது என்று தெரிந்தால்தானே அடுத்த வேலை? அந்த மூன்று மாதத்தில்தான் நாங்கள் அந்தப் பிள்ளைக்கு "மந்தம்" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

பரிசோதனை என்றதும் பயப்பட ஒன்றும் இல்லை. ஊசி இல்லை, வலி இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டி மெல்லிய சத்தங்கள் கொடுப்பார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும், அல்லது பொத்தானை அழுத்த வேண்டும். கைக்குழந்தைக்கும் சோதிக்கலாம். 1978இல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி ஓர் அதிசயத்தைக் கண்டார். நல்ல காது சத்தத்தைக் கேட்பது மட்டுமல்ல, உள்காதிலிருந்து மிக மெல்லிய சத்தமொன்றைத் திருப்பியும் அனுப்புகிறது. சுப்ஹானல்லாஹ். பிள்ளை தூங்கும்போது காதில் ஒரு சின்ன முனையை வைத்து அந்தச் சத்தம் வருகிறதா என்று சில நிமிடங்களில் பார்த்துவிடலாம்.

நேரம் ஏன் முக்கியம்? 1998இல் அமெரிக்காவின் கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ குழுவினர், கேட்டல் குறைபாடுள்ள 150 பிள்ளைகளின் மொழி வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். ஆறு மாத வயதுக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டவர்கள், பிந்திக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை விடத் தெளிவாக முன்னுக்கு நின்றார்கள். மொழி நுழையும் வயது அது. "ஆம்பிளப் பிள்ளை பிந்தித்தான் பேசும்" என்று மூத்தம்மா சொல்லக் கேட்டு மூன்று வயது வரை காத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இப்போது கசப்பான விஷயம். நம் ஊரில் தாமதத்துக்கு முதல் காரணம் காசு இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுவது இலவசம். காரணம் வெட்கம். "பொம்புளப் பிள்ளை, காதில் மெஷின் போட்டால் நாளைக்கு யார் கல்யாணம் முடிப்பார்?" கண்ணாடி போட்ட பிள்ளையை "படிக்கிற பிள்ளை" என்கிறோம். காது மெஷின் போட்ட பிள்ளையை "செவிடு" என்கிறோம். இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன?

அதோடு, "இது உம்மா பக்கத்துக் குறை" என்று தாயின் தலையில் போடுவது. பிறவியிலேயே வரும் கேட்டல் குறைபாட்டில் பெரும்பகுதி பரம்பரையால் வருவது. கொனெக்ஸின் 26 என்ற புரதத்துக்குரிய மரபணு அதில் முக்கியமானது என்று 1997இல் கண்டறிந்தார்கள். அதில் மாற்றமுள்ள பிரதி ஒன்று தாயிடமும் ஒன்று தந்தையிடமும் இருக்கும். இருவருக்கும் நன்றாகக் கேட்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளைக்குக் குறை வரும், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே ஒரு பக்கத்தைக் குற்றம் சொல்ல இடமே இல்லை. மச்சான், மச்சாள் கல்யாணத்தில் இருவரும் அதே மாற்றத்தைச் சுமக்கும் வாய்ப்புக் கூடுகிறது. மார்க்கம் அனுமதித்ததைக் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. சொந்தத்துக்குள் முடித்தவர்கள், பிள்ளை பிறந்தவுடன் காதைச் சோதித்துப் பார்ப்பதில் மற்றவர்களை விட முந்த வேண்டும் என்றுதான் சொல்கிறோம்.

நம்பிக்கையும் இருக்கிறது. பிள்ளைப் பருவக் கேட்டல் இழப்பில் 60 வீதம் தடுக்கக் கூடிய காரணங்களால் வருவது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாடே சாட்சி. கர்ப்பத்தில் ருபெல்லா வந்தால் பிள்ளையின் காது போகலாம். இலங்கையில் 1996இல் ருபெல்லாத் தடுப்பூசி தொடங்கியது. 2020இல் ருபெல்லாவை ஒழித்த நாடாக அறிவிக்கப்பட்டோம். நம் உம்மாமார் கிளினிக் வாசலில் வரிசையில் நின்றதால் கிடைத்த வெற்றி அது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இவ்வளவுதான்.

பெற்றோரே, பிள்ளை டீவீ சத்தத்தைக் கூட்டினால், "ஆ? என்ன?" என்று அடிக்கடி கேட்டால், பேசும்போது உங்கள் வாயையே பார்த்தால், ஒரு பக்கத் தலையைச் சாய்த்தால், கிளினிக்கில் சொல்லுங்கள், ஈ.என்.டி. டொக்டரிடம் காட்டுங்கள். சூடாக்கிய எண்ணெயைக் காதில் விடாதீர்கள், பட்ஸ் போட்டுக் கிண்டாதீர்கள். தரம் 1, 4, 7, 10இல் மருத்துவப் பரிசோதனைக்கு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள்.

ஆசிரியர்களே, மதரஸா ஹஸ்ரத்மாரே, ஒரு பிள்ளையைப் பற்றி "கவனமில்லை" என்று எழுதுமுன் ஒரு நாள் அவனுடைய இடத்தை மாற்றிப் பாருங்கள். பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிப் பாருங்கள். இது பரிசோதனைக்குப் பதிலாகாது. ஆனால் எங்களுக்குத் தொடக்கம் அங்கிருந்துதான் வந்தது.

அந்தப் பையன் இப்போது தரம் 4. முன் வாங்கில், வலது ஓரத்தில் இருக்கிறான். சொல்வதெழுதலில் எட்டு எடுக்கிறான். போன கிழமை புதிதாக வந்த ஆசிரியர் அவனை இடம் மாற்றப் பார்த்திருக்கிறார். "சேர், எனக்கு இந்தப் பக்கம்தான் கேட்கும்" என்று எழும்பிச் சொன்னானாம். வெட்கப்படாமல்.

நாங்கள் பெரியவர்கள் அவனிடம் படிக்க வேண்டிய பாடம் அது.