மருந்து தரும் ஆடு: சரியா, தப்பா?

ஆடு என்றால் நமக்குப் பால், கறி, எரு ஞாபகம் வரும். அமெரிக்காவில் ஆட்டுப்பாலில் இருந்து மருந்தே எடுத்தார்கள்! மனித ஜீன் ஒன்றை ஆட்டின் கருவில் சேர்த்தார்கள். அந்த ஆட்டின் பாலில், ரத்தம் கட்டாமல் தடுக்கும் புரதம் கிடைத்தது. அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்குப் பிரசவம், ஆபரேஷன் நேரத்தில் கொடுப்பதற்காக, 'ஏட்ரின்' என்ற மருந்துக்கு அங்கே 2009-இல் அனுமதி கிடைத்தது.

"இயற்கையை மாத்தலாமா? பாவம்!" என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முன்னாடி சர்க்கரை நோய்க்கான இன்சுலினை, வெட்டின மாடு, பன்றியின் கணையத்தில் இருந்துதான் எடுத்தார்கள். இங்கே வெட்டவில்லை, பால்தான் கறந்தார்கள்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. ஆடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும், போடுகிற குட்டியில் ஏறக்குறைய பாதி கிடாக்குட்டிதான். அது பால் தராது. இந்த ஆடுகளைக் கறிக்கும் விற்கக் கூடாது என்று அனுமதியிலேயே சொல்லிவிட்டார்கள். அப்போ அதுக்கு யாரு தீனி போடுவது? பெட்டை ஆட்டுக்கும் பால் வத்தின பிறகு யாரு பார்ப்பது?

மனுஷங்க உயிரைக் காப்பாற்றும் ஆட்டை, கடைசி வரை வைத்துக் காப்பாற்ற வேண்டும். அதற்குச் சம்மதிக்கும் கம்பெனிக்கு மட்டும் அனுமதி கொடுக்கணும். இதுவே என் கருத்து.

நண்பர்களே, நீங்க என்ன சொல்றீங்க?

– ஒன்பதாம் வகுப்பு மாணவி