வலியைச் சீட்டில் எழுதுங்கள்



கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஓரம் குடியிருப்பவன் நான். பக்கத்து வீட்டுக்காரர் ஒப்பந்தத் தொழிலாளி. 50 கிலோ மூட்டைகளைச் சுமந்து சுமந்து இடுப்பு போய்விட்டது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்து, "எலும்பு நல்லாத்தான் இருக்கு" என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். சீட்டில் எழுதியிருந்தது 'உடல்வலி' மட்டும். என்ன வேலை செய்கிறார், எத்தனை மாதமாக வலிக்கிறது, ராத்திரி தூங்க முடிகிறதா, எதுவும் இல்லை. அதைப் பார்த்த சூப்பர்வைசர், "எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லையே, ஷிப்டுக்கு வா" என்றார்.

வலியைக் காட்டும் எக்ஸ்ரே கிடையாது. அனுபவிப்பவர் சொல்வதுதான் அளவு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வரையறையின் குறிப்புகளிலும், வலி என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்றே இருக்கிறது. ஆனால் கூலிக்காரர் சொன்னால் மட்டும் அது வேலைக்கு டிமிக்கி கொடுப்பதாகிவிடுகிறது! அலுவலக அதிகாரியின் முதுகுவலியை யாராவது இப்படிச் சந்தேகிப்பார்களா?

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் இழப்பீட்டு அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் இழப்பு. நிமிர முடியாத இடுப்புக்கு அதில் வரியே இல்லை. ஊனத்தை மதிப்பிடும் மருத்துவக் குழு முன் போய் நின்றால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆதாரம் அந்த ஒற்றைச் சொல் சீட்டுதான்.

உடம்பு படும் பாட்டைச் சொன்னால் நம்பாதது எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. ஆலை வாயுக்களால் தலைவலி, தொண்டை எரிச்சல் என்று எத்தனையோ வருடம் முறையிட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. 2004இல் சிப்காட் பகுதி மக்களே கண்காணிப்புக் குழு அமைத்து, எந்த நேரத்தில் என்ன நாற்றம், உடம்புக்கு என்ன செய்தது என்று குறித்து வைத்தார்கள். 'வாளி' எனப்படும் எளிய மாதிரிக் கருவியில் காற்றைப் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நச்சு வாயுக்கள் இருப்பது தெரிந்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

கேட்டுக் குறித்து வைப்பது மருத்துவத்துக்கும் புதிதல்ல. "என்ன தொழில் செய்கிறாய்?" என்று நோயாளியைக் கேட்கச் சொல்லி இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி எழுதியது 1700இல். கடலூர் தலைமை மருத்துவமனையும், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியும், இ.எஸ்.ஐ. மருந்தகங்களும் இனியாவது அதைக் கேட்கட்டும். தொழில், வலி தொடங்கிய காலம், 0 முதல் 10 வரை நோயாளி சொல்லும் அளவு ஆகிய மூன்றையும் புறநோயாளிச் சீட்டில் கட்டாயமாக எழுத மக்கள் நல்வாழ்வுத் துறை உத்தரவிட வேண்டும். இதற்குப் புதிய கருவியோ தனி நிதியோ தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடிகாடு, கடலூர்.