வண்டி வந்தது, பெயர் மாறிற்றா?

நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் மோட்டார் வண்டி தெரிந்த தமிழர் ஒருவரிடமிருந்தே வந்து சேருகிறது. செம்பூரிலோ முலுண்டிலோ இருபது ஆண்டு உத்தியோகம் பார்த்தவர் ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார். புதிதாக வேலையில் அமர்ந்த இளைஞர் அவருடைய வண்டியை விலைக்கு எடுத்துக்கொள்கிறார். அல்லது கோவையிலுள்ள தமையனார் புது வண்டி வாங்கியதும் பழையதை மும்பையிலுள்ள தம்பிக்கு அளிக்கிறார். பணம் கைமாறுகிறது, சாவி கைமாறுகிறது, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழமும் வைத்தாகிவிடுகிறது. காகிதங்கள் மட்டும் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. “நம்மவர்தானே, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஒரு சொல்லே இதற்குக் காரணம். அச்சொல்லைக் குறித்து அன்பர்களிடம் இம்மாதம் சற்றுக் கண்டிப்பாகவே பேச விழைகிறோம்.

சட்டத்தின் கண்ணுக்கு வண்டியின் சொந்தக்காரர் யார்? பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதனை ஐயத்திற்கிடமின்றிக் கூறிவிட்டது. அவ்வழக்கிலே ஒரு கார் 2007இல் விற்கப்பட்டது. பின்னர் ஒருவர்பின் ஒருவராகப் பலர் கைக்குச் சென்றது. பதிவு மட்டும் முதலில் விற்றவர் பெயரிலேயே நின்றது. 2009இல் அவ்வண்டியினால் உயிர்ச்சேதம் நேர்ந்தது. அப்போது வண்டியைக் கண்ணாலும் காணாத அந்த முதல்வரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று முடிவாயிற்று. ஊரில் பென்ஷன் பணத்தில் அமைதியாகக் காலங்கழிக்கும் ஒரு பெரியவருக்கு, மும்பை நீதிமன்றத்திலிருந்து ஒரு நாள் சம்மன் வருமாயின், “நம்மவர்” என்ற உறவு என்னாவது? வேகமாக ஓட்டியதற்கான அபராதச் சீட்டுகளும் அவருக்கே போகும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஆகவே முதற்காரியம் பெயர் மாற்றம். விற்றவர் தெரிவிக்கும் அறிக்கை 29ஆம் எண் படிவம். இருவரும் சேர்ந்து கையொப்பமிடும் விண்ணப்பம் 30ஆம் எண் படிவம். விற்பனை ஒரே மாநிலத்துக்குள் நிகழ்ந்தால் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வேற்று மாநிலத்துக்காயின் 45 நாட்களுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும். வாங்கியவருக்கு 30 நாட்கள். வண்டி வங்கிக் கடனில் வாங்கப்பட்டதாயின், கடன் தீர்ந்தபின்னும் பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். 35ஆம் எண் படிவத்தோடு வங்கியின் கடிதத்தையும் வைத்து அதனை நீக்கிய பின்னரே மற்றவை நகரும்.

இன்ஷ்யூரன்ஸ் விஷயத்தில் நம்மவரிடையே நிலவும் மயக்கம் இன்னும் பெரிது. “பாலிசி மார்ச் வரை இருக்கிறது, அதுவரை கவலையில்லை” என்பார்கள். வண்டி கைமாறிய நாள் தொட்டுப் பாலிசியும் புதியவருக்கு மாறியதாகவே கருதப்படும் என்று சட்டத்தின் 157ஆம் பிரிவு கூறுவது மெய்தான். ஆனால் அப்பிரிவு காப்பது வழியிற் சென்ற மூன்றாமவரை. வாங்கியவர் 14 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுதிப் பெயரை மாற்றிக்கொள்ளாவிடில், தம் வண்டிக்கு நேர்ந்த சேதத்துக்குக் கம்பெனி பணம் தர மறுக்கலாம். அதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. சொந்தக்காரரே ஓட்டிச் சென்று விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்க வழிசெய்யும் கட்டாயப் பாதுகாப்பு, பதிவேட்டிலும் பாலிசியிலும் பெயருள்ள சொந்தக்காரருக்கே உரியது. அவர் செல்லுபடியாகும் லைசென்ஸும் வைத்திருக்கவேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டிய இளைஞருடைய மனைவி மக்களுக்கு அத்தொகை கிட்டாது. எந்த வீட்டாரும் இவ்வொன்றை எண்ணிப் பார்த்தால் போதும்; மறுநாளே அலுவலகத்துக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

கோரிக்கை எழுப்பாமல் ஓட்டியதற்காக ஆண்டுதோறும் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை வளரும் சலுகையோ வண்டியோடு வருவதன்று. விற்ற பெரியவரையே சேர்ந்தது. பெயர் மாறும்போது கம்பெனி அவ்வித்தியாசத்தைப் புதியவரிடம் வசூலிக்கும். இதைக் கண்டு ஏமாற்றிவிட்டதாக அவரை நொந்துகொள்ளற்க. இன்ஷ்யூரன்ஸ் இல்லாமலே ஓட்டத் துணிவாருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறை 2,000 ரூபாய், மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம்.

இனி, கோவைத் தமையனார் கொடுத்த வண்டி. அதன் பலகையில் தமிழ்நாட்டு எண் இருக்கிறது. அங்கே கட்டிய வரி தமிழ்நாட்டு அரசுக்குச் சேர்ந்தது. மராட்டியத்துக்கு அதில் ஒரு காசும் இல்லை. வேற்று மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் வண்டிக்கு அம்மாநிலத்தின் எண் பெறவேண்டும் என்பது 47ஆம் பிரிவு. முதலில் கோவை அலுவலகத்தில் 28ஆம் எண் படிவத்தில் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கவேண்டும். பின்பு இங்கே 27ஆம் எண் படிவம் கொடுத்து, வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்ட வரியைச் செலுத்தவேண்டும். “இருமுறை வரியா?” என்று வெகுளுவோர் பலர். ஊரில் முன்பே கட்டிய ஆயுள்வரியில் எஞ்சிய காலத்துக்குரிய பங்கைத் திரும்பக் கேட்கலாம். இங்கே புதிய எண் கிடைத்ததற்கான ஆதாரத்தைக் காட்டி அங்கே விண்ணப்பிக்கவேண்டும். அலைச்சலுக்கு அஞ்சி அதைக் கேட்காமலே விட்டுவிடுவது தமக்குத் தாமே நஷ்டம் தேடிக்கொள்வதாகும்.

புது வண்டியே வாங்க எண்ணும் அன்பர்களுக்கும் ஒரு சொல். ஊரில் மாமனார் பெயரில் வாங்கி இங்கே ஓட்டிவந்தால் ஆதாயம் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு உலவுகிறது. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள வண்டிக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் 18 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. மராட்டியத்தில் தனியார் பெட்ரோல் வண்டிக்கு அதே விலைக்கு 12 விழுக்காடு. ஆதாயம் எங்கே இருக்கிறதென்று அன்பர்களே கணக்கிடலாம். அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்படும் அரசு ஊழியருக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனிகளில் பணிபுரிவோருக்கும் 2021இல் ‘பாரத் வரிசை’ எண் ஏற்படுத்தப்பட்டது. பணிச் சான்று காட்டக்கூடியவர்கள் விற்பனையாளரிடம் முதலிலேயே இதனை விசாரித்தல் நன்று.

நம்மவருக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. அது தலைப்பெழுத்து. ஊர் பதிவுச் சான்றில் ‘கணேசன் ஆர்.’, ஆதாரில் ‘கணேசன் ராமசாமி’, பான் அட்டையில் ‘ராமசாமி கணேசன்’, பாலிசியிலோ வெறும் ‘கணேசன்’. மும்பை அலுவலக எழுத்தர் இவர்களை நால்வராகக் கொள்வதில் வியப்பில்லை. குடும்பப் பெயர் எது என்று அவர் கேட்க, தந்தையார் பெயர் என்று நாம் சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் நோக்கி விழிப்போம். அலுவலகப் படியேறுமுன்னரே எல்லாக் காகிதங்களிலும் ஒரே வகையாகப் பெயரைத் திருத்திக்கொள்வது மேல். முகவரியும் அவ்வாறே. ஆதாரில் இன்னும் ஊர் முகவரி இருக்குமாயின் இங்குள்ள குடியிருப்பு ஆதாரம் தேவைப்படும். வாடகை வீட்டார் பதிவு செய்த ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்க.

ஊர் திரும்பும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரயிலேறுமுன் இரு படிவங்களிலும் கையொப்பமிட்டு, வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் குறித்து, வாங்கியவரிடம் ரசீது ஒன்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது இக்காரியங்கள் பெரும்பாலும் கணினி வழியே நடப்பதால், பதிவேட்டிலுள்ள கைப்பேசி எண்ணுக்கே இரகசிய எண் வரும். மும்பையில் வைத்திருந்த அந்த எண்ணை, புதியவர் பெயரில் பதிவுச் சான்று வந்து அதன் நகல் உங்கள் கைக்குக் கிடைக்கும்வரை ரத்து செய்யாதீர்கள்.